நீந்தத் தெரிஞ்சவனுக்கு ஜக்கெற் எதுக்கு? (கயாக், ஒன்ராறியோ ஏரி, புது ஆக்கள்)

சின்னவள்ளம் | 4 மே 2024

10 அடிக் கயாக் (துடுப்புப் போட்டு ஓடுற ஒடுங்கின சின்ன வள்ளம்) ஒண்டு பாவிச்சது மலிவா வந்தது, வாங்கிப்போட்டன். விக்ரோரியா டே லோங் வீக்கெண்டுக்கு, ரொறன்ரோவின்ர கிழக்கு அந்தத்தில ரூஜ் ஆறு ஏரியில விழுற ரூஜ் பீச்சில இறக்கிற யோசினை. நான் வல்வெட்டித்துறைக் கடலில நீந்தி வளந்தவன். லைவ் ஜக்கெற் போட்டால் கை வடிவா ஓடாது, வெக்கை வேற. லைசென்ஸ் வேணுமோ? ஜக்கெற் கட்டாயமோ? வேற என்ன சாமான் வாங்கவேணும்?

கரைவலை | 4 மே 2024, இரவு

லைசென்ஸ் தேவையில்லை. ஒப்பறேற்றர் கார்ட் எண்டு கதைக்கிறது மோட்டர் பூட்டின வள்ளத்துக்கு. ஆனா கயாக்கில சின்னதா ஒரு பற்றரி மோட்டர் கொழுவினாலும் அது மோட்டர் வள்ளமாயிடும், அப்ப கார்ட் வேணும்.

ஜக்கெற் விசயத்தில சட்டம் கேக்கிறது, கயாக்கில இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் அளவான ஒண்டு கயாக்கில இருக்கவேணும் எண்டு மட்டும்தான். வளந்த ஆள் அதைப் போட்டுக்கொண்டு இருக்கவேணும் எண்டு சட்டம் இல்லை. கயாக்கின்ர பின்பக்கம் ரப்பர் கயித்துக்குக் கீழ செருகி வைச்சாலும் பொலிஸ் தண்டம் எழுத ஏலாது. நான் ஏன் போடச் சொல்லுறன் எண்டு நாளைக்கு ஆறுதலா எழுதுறன், இப்ப வேலைக்கு வெளிக்கிடோணும்.

கரைவலை | 5 மே 2024

வல்வெட்டித்துறைக் கடல் தண்ணி மார்கழியிலயும் 25 பாகைக்கு மேல நிக்கும். மே மாத நடுவில ஒன்ராறியோ ஏரி 10 பாகைக்குக் கீழ. வெளிய 24, 25 பாகை வெய்யில் எறிக்கும், ரூஜ் பீச் மணலில சனம் பாபக்கியூ போடும், பெடியள் சேட்டைக் கழட்டிப்போட்டு நிப்பாங்கள். தண்ணி மட்டும் இன்னும் மாசி மாதத்திலதான் இருக்கும். லோங் வீக்கெண்ட் எண்டாலே எனக்குப் பயம் உதாலதான்.

குளிர்தண்ணிக்குள்ள திடீரெண்டு விழுந்தால் முதல் நடக்கிறது விறைப்பு இல்லை. மூச்சு. உடம்பு தானாகவே 'ஹக்' எண்டு ஒரு பெரிய மூச்சை உள்ளுக்கு இழுக்கும், நீங்கள் வேண்டாம் எண்டாலும் இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணிக்குக் கீழ இருந்தால் நெஞ்சுக்குள்ள போறது தண்ணி. பிறகு ஒரு நிமிசம் மட்டில மூச்சு வாங்கிற வேகம் உங்கட கட்டுப்பாட்டில இராது. நீச்சல் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் இது ஒண்டுதான்.

மனிற்ரோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்ப்றெக்ட் எண்டவர் குளிர்தண்ணிக்குள்ள தானே இறங்கித் தானே பரிசோதனை செய்த மனிசன். அவர் சொன்ன கணக்கு 1-10-1. முதல் 1 நிமிசம் மூச்சை அடக்கிறதுக்கு. அடுத்த 10 நிமிசம் மட்டும்தான் கையும் காலும் உங்கட சொல்லுக் கேக்கும். மயங்கிறதுக்கு 1 மணித்தியாலம் வரைக்கும் எடுக்கும். அப்ப குளிரில விறைச்சுச் சாகிறது எண்டு நாங்கள் நினைக்கிறது கடைசிக் கட்டம். கனபேர் அதுவரைக்கும் போறதில்லை. முதல் நிமிசத்திலயோ, கை கால் சோந்துபோற பத்தாவது நிமிசத்திலயோ முடிஞ்சிடும். ஜக்கெற் போட்டிருந்தால் அந்த முதல் நிமிசம் மூக்கு மேல நிக்கும், பத்தாவது நிமிசத்துக்குப் பிறகு நீந்தாமலே மிதக்கலாம். ஜக்கெற்றின்ர வேலை உவ்வளவும்தான். உங்கட நீச்சலைப் பற்றி அதுக்கு ஒரு கவலையும் இல்லை.

பயிற்சி எடுக்கேக்க எங்களுக்கு ஒரு விளையாட்டு வைச்சவை. வைகாசித் தண்ணிக்குள்ள ஒரு கையைக் கொஞ்ச நேரம் விட்டிட்டு எடுத்து, ஜக்கெற்றின்ர கிளிப்பைக் கொழுவிப் பாக்கச் சொன்னவை. விரல் வளையுது, ஆனா கிளிப் எங்க இருக்கு எண்டு விரலுக்குத் தெரியேல்லை. 'விழுந்த பிறகு எடுத்துப் போடலாம்' எண்ட எண்ணம் எனக்கு அண்டைக்கே போட்டுது. கயாக்குக்குப் பின்னால செருகி வைச்ச ஜக்கெற்றாலயும் இதே காரணத்துக்காகப் பிரயோசனம் இல்லை.

பனையோலை | 5 மே 2024

ஆழிக்குமரன் ஆனந்தன் பிறந்த ஊர்க்காரனுக்கு ஜக்கெற் போடச் சொல்லுறியள் :)

கரைவலை | 6 மே 2024

1971இல பாக்குநீரிணையை நீந்தி அங்கால போய்த் திரும்பியும் வந்த மனிசன். அவரை வைச்சு நான் வாதாட வரேல்லை. ஒண்டு மட்டும். அப்பிடி நீந்திறவைக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு படகு கூடவே போகும். சின்னவள்ளத்துக்குப் பக்கத்தில ஆர் போறது?

அதோட, 1984இல அவர் இறந்ததும் தண்ணியிலதான், ஆங்கிலக் கால்வாயில. இதை ஞாபகப்படுத்தினதுக்குப் பனையோலை கோவிக்காதேங்கோ.

கரைவலை | 7 மே 2024

'கை ஓடாது' எண்ட பிரச்சினைக்கு வாறன். நீங்கள் மனசில வைச்சிருக்கிறது கப்பலில குடுக்கிற தடிச்ச செம்மஞ்சள் சாமான், கழுத்தைச் சுத்தி நிக்கிறது. அதுதான் லைவ் ஜக்கெற். மயங்கின ஆளையும் முகம் மேல வாறமாதிரிப் பிரட்டிவிடக்கூடியது, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் நிறத்திலதான் வரும். கயாக் காரர் போடுறது பி.எஃப்.டி. எண்டுறது, மிதக்க உதவிற மெல்லிய அங்கி. மிதக்கும், ஆனா மயங்கின ஆளைப் பிரட்டும் எண்டு நம்பேலாது. பதிலுக்கு உடம்போட ஒட்டி நிக்கும், கைக்கட்டு அகலமா வெட்டியிருக்கும், முதுகுப் பக்கத்து நுரை மேல ஏத்தி வைச்சிருப்பினம், கயாக் இருக்கையின்ர முதுகு இடிக்காது. கடையில துடுப்புப் போடுறதுக்கு எண்டு கேட்டு வாங்குங்கோ. சட்டத்துக்கு இரண்டும் ஒண்டுதான்.

உள்பக்கத்தில கனடா அங்கீகார முத்திரை இருக்கோ எண்டு பாருங்கோ. அமெரிக்காவில மலிவு எண்டு பவலோ பக்கம் போய் வாங்கி வாறவை கவனம், அங்கத்தைய முத்திரை மட்டும் உள்ளதெண்டால் இஞ்ச வசிக்கிற ஆளுக்குச் செல்லாமல் போகலாம்.

அளவு பாக்கிறது: எல்லாத்தையும் பூட்டி இறுக்கினபிறகு ஒராளைத் தோளில பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்கோ. நாடியைத் தாண்டி ஏறினால் பெரிசு. பிள்ளையளுக்கு வயசைப் பாத்து வாங்கிறேல்லை, நிறையைப் பாத்து. 'வளருற பிள்ளைதானே' எண்டு சப்பாத்து வாங்கிறமாதிரி ஒரு அளவு கூட்டி வாங்காதேங்கோ, தண்ணிக்குள்ள பிள்ளை கீழ, ஜக்கெற் மேல.

காத்தடிச்சு உப்புற வகை மெல்லிசு, வெக்கை இல்லை, உண்மை. 16 வயசுக்குக் கீழயோ 36.3 கிலோவுக்குக் குறைஞ்சாலோ கூடாது. ஆத்து வெள்ளோட்டத்துக்கும் கூடாது. போட்டிருந்தால்தான் கணக்கு. புது ஆளுக்கு நான் சொல்லமாட்டன். கவிண்டு மூச்சுத் திணறேக்க கயிறு தேடி இழுக்கிற நிதானம் பழகித்தான் வரும்.

கரைவலை | 9 மே 2024

சட்டம் கேக்கிற மிச்சச் சாமான். 15 மீற்றர் மிதக்கிற எறிகயிறு. தண்ணி வாருற பாத்திரம், இல்லாட்டிக் கைப் பம்ப். சத்தம் போடுற சாமான், அதாவது விசில். பொழுது பட்டாப்பிறகு எண்டால் தண்ணி போகாத ரோர்ச். கரை தெரியாத தூரம் போனால் திசைகாட்டி, நீங்கள் போகமாட்டியள், போகவும் கூடாது.

பாத்திரத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பிளாஸ்ரிக்கோ தகரமோ, வாய் 65 சதுர சென்ரிமீற்றர், கொள்ளளவு 750 மில்லிலீற்றர் இருந்தால் காணும். 4 லீற்றர் வினாகிரிக் கானின்ர அடியைச் சரிவா வெட்டி, கைபிடியில நூல் கட்டி விட்டிருக்கிறன். கனவருசமா அதுதான்.

விசில் மட்டும் நல்லதா வாங்குங்கோ, ஏழெட்டு டொலர். உள்ளுக்கு உருண்டை இல்லாத வகை. உருண்டை உள்ள விசில் நனைஞ்சால் இறுகும். ஃபொக்ஸ் 40 எண்டுறது எங்கட பக்கத்துச் சரக்குத்தான். ஹமில்ரனைச் சேந்த றொன் ஃபொக்ஸ்குறொவ்ற் எண்ட கூடைப்பந்து நடுவர், பிறேசிலில ஒரு ஆட்டத்துக்கு நடுவில அவற்ற விசில் இறுகிச் சத்தமே வராமல் போக, அந்தக் கோவத்தில ஆளை வைச்சுச் செய்விச்சு 1987இல விக்க வெளிக்கிட்டவர். விசிலை ஜக்கெற்றின்ர சிப்பில கட்டி விடுங்கோ, பைக்குள்ள வைக்காதேங்கோ.

மூன்றாம்பிறை | 9 மே 2024

எனக்கு மேல இருக்கிற வகை, உள்ளுக்குக் குழி இல்லாதது. இதுக்குள்ள எந்தத் தண்ணியை வாருறது?

கரைவலை | 10 மே 2024

நேற்றைய பட்டியலை மூன்றாம்பிறை சொன்னதோட சேத்து வாசியுங்கோ. முழுக்க மூடின உடம்புள்ள, மேல இருக்கிற வகைக் கயாக்கில எல்லாரும் அளவான ஜக்கெற்றைப் போட்டிருந்தால் எறிகயிறும் வாருற பாத்திரமும் சட்டம் கேக்காது. விசில், இருட்டுக்கு வெளிச்சம், தேவைப்பட்டால் திசைகாட்டி, அவ்வளவுதான் மிச்சம். கையில வைச்சிருந்தால் முழுப்பட்டியல், உடம்பில போட்டிருந்தால் அரைப்பட்டியல். ஜக்கெற் போடுறதுக்குச் சட்டமே குடுக்கிற லஞ்சம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

சின்னவள்ளத்தின்ர 10 அடி குழி உள்ளது எண்டுதான் நினைக்கிறன். உள்ளுக்குக் கையை விட்டு, கால் போற பக்கமும் இருக்கைக்குப் பின்னாலயும் தடுப்புச்சுவர் இருக்கோ எண்டு தட்டிப் பாத்துச் சொல்லுங்கோ.

சின்னவள்ளம் | 10 மே 2024

பின்னுக்கு இருக்கு. முன்னுக்கு இல்லை, வெறும் ஓட்டை. நுரைக்கட்டி ஒண்டு செருகியிருக்கு.

கரைவலை | 11 மே 2024

அப்ப இதுதான் உங்கட கயாக்கின்ர குணம். கவிண்டால் முன்பக்கம் முழுக்கத் தண்ணி ஏறும், மூக்கு கீழ போகும், பின்பக்கம் மேல நிக்கும். ஏரி நடுவில அதைப் பிரட்டி, தண்ணி இறைச்சு, திரும்ப ஏறுறது பழகின ஆளுக்கே கஷ்டம். குளத்துக்கும் சதுப்புக்கும் செய்த சாமான், ஏரிக்குச் செய்தது இல்லை. வித்துப்போடச் சொல்லேல்லை, அதுக்குரிய இடத்தில ஓடுங்கோ எண்டுறன். மூக்குக்குள்ள காத்துப் பை ஒண்டு வாங்கி உப்பி அடைச்சால் ஏறுற தண்ணி பாதியாக் குறையும்.

ரூஜ் பீச்சில வலப்பக்கம் ஏரி, இடப்பக்கம் ஆத்து வாய் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ (தண்ணிக்கு முதுகு காட்டி நிண்டு பாத்தால் மாறும், சண்டைக்கு வராதேங்கோ). ரயில் பாலத்துக்குக் கீழால உள்ளுக்குப் போனால் சதுப்பு. நாணல், ஆமை, கொக்கு, ஆழமும் குறைவு, ஏரியை விடக் கெதியாச் சுடுற தண்ணி. முதல் மாதம் முழுக்க அங்கதான். ஏரிப்பக்கம் மூக்கைத் திருப்பாதேங்கோ.

சின்னவள்ளம் | 20 மே 2024

போட்டன். வெக்கைதான். ஆமை பாத்தன்.

கரைவலை | 21 மே 2024

வெக்கை எண்டால் ஜக்கெற்றோட ஒருக்கால் தண்ணிக்குள்ள கையை விட்டுத் தலையில தெளியுங்கோ. உடுப்பும் அதே கணக்குத்தான், வானத்தைப் பாத்து உடுக்கிறேல்லை, தண்ணியைப் பாத்து உடுக்கிறது. பருத்தி ரீசேட்டும் ஜீன்ஸும் நனைஞ்சால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓடுறவை போடுற நைலோன், பொலியெஸ்ரர் காணும். தண்ணி 15 பாகைக்குக் கீழ எண்டால் வெற்சூட், உடம்போட ஒட்டிச் சூட்டைப் பிடிச்சு வைக்கிற ரப்பர் உடுப்பு. கையில்லாத 3 மில்லிமீற்றர் வகைதான் துடுப்புப் போட வசதி. ட்றைசூட், அதாவது தண்ணி உள்ளுக்குப் போகாத முழு உடுப்பு, ஆயிரம் டொலருக்கு மேல போகும், அதைப் பற்றி இப்ப யோசிக்காதேங்கோ.

செருப்பு வேண்டாம், சேத்துக்குள்ள புதைஞ்சு கழண்டிடும்.

கரைவலை | 8 யூன் 2024

ரூஜ் வாயில நேற்றுப் பின்னேரம் இரண்டு பேர். ஊதின கயாக், ஜக்கெற் இல்லை, ஏரிப்பக்கம் போகினம். கரையில நிண்டு பாத்தால் தண்ணி கண்ணாடி. எனக்கு வயித்தைக் கலக்கினது அதுதான், காத்து வடக்கால.

இதை ஊர்க்காத்துப் பேரில சொன்னால் கெதியா விளங்கும். நாங்கள் இருக்கிறது ஏரியின்ர வடகரை. வாடை, அதாவது வடகாத்து, அடிச்சால் அது கரையில இருந்து ஏரிக்குத் தள்ளுற காத்து. கரையோரம் மரமும் மேடும் மறைக்கிறதால அலையே இராது, சந்தோசமாப் போவியள். 200, 300 மீற்றர் தாண்டினபிறகுதான் காத்துத் தண்ணியைத் தொடும். அப்ப திரும்பினால் காத்து முகத்துக்கு. புது ஆள் சாதாரணமா மணிக்கு 4, 5 கிலோமீற்றர் போவான், எதிர்காத்து அதைத் திண்டிடும். அங்கால கரை எது எண்டால் நயாகராப் பக்கம். சோளகம், அதாவது தெற்குக் காத்து, அடிச்சால் பெரிய அலை வரும், பாக்கப் பயமா இருக்கும், ஒருத்தரும் இறங்கமாட்டினம். இறங்கினாலும் கரைக்குத்தான் தள்ளும். ஆபத்தா இருக்கிறது ஆபத்தாத் தெரியிற நாள் பிரச்சினை குறைவு.

அந்த இரண்டு பேரும் தாங்களாகவே திரும்பி வந்திட்டினம். நான் விசில் அடிச்சுக் கையைக் காட்டினதை வேற ஏதோ எண்டு நினைச்சுப் பதிலுக்குக் கையைக் காட்டினவை.

வெளிக்கிட முதல் கனடா சுற்றாடல் திணைக்களத்தின்ர கடல் வானிலையைப் பாருங்கோ, மேற்கு ஒன்ராறியோ ஏரி எண்டு தனியா இருக்கு. போனில வாற சாதாரண வானிலை நிலத்துக்கு. காத்து வேகம் நொட்டில இருக்கும், 10 நொட் எண்டால் மணிக்கு 18 கிலோமீற்றர் சொச்சம். என்ர கணக்கு, புது ஆளுக்கு 10க்கு மேல வீட்டில இருக்கலாம். 20 தொடக்கம் 33 வரைக்கும் பலத்த காத்து எச்சரிக்கை போடுவினம், அண்டைக்குப் பழகின ஆக்களும் கரையில.

கரைவலை | 9 யூன் 2024

தனிமடலில ஒராள் கேட்டவர், தள்ளுப்பட்டுப் போனால் என்ன செய்யிறது எண்டு. கயாக்கை விடாதேங்கோ. கரை கிட்ட மாதிரித் தெரியும், நீந்தப் போகாதேங்கோ. கயாக் மிதக்கும், தூரத்தில இருந்து தெரியும், உங்கட தலை தெரியாது. துடுப்பைக் கையோட வைச்சிருங்கோ. விசில் மூண்டு தரம், விட்டு விட்டு. போன் தண்ணி போகாத உறைக்குள்ள, உறை ஜக்கெற்றில கட்டி. 911. உறையை வாங்கினவுடன சிங்கில தண்ணி நிரப்பி, போனுக்குப் பதில் ஒரு ரிசு கடதாசியை உள்ளுக்கு வைச்சு அமத்திப் பாருங்கோ. எனக்கு முதல் வாங்கினது அங்கயே செத்தது.

வெளிக்கிடேக்க வீட்டில ஒராளுக்கு எங்க இறங்கிறன், எந்தப் பக்கம் போறன், எத்தினை மணிக்கு வருவன் எண்டு மெசேஜ் போடுங்கோ. வந்து சேந்தும் போடுங்கோ, இல்லாட்டி மனிசி பொலிசுக்கு அடிச்சிடுவா. எங்கட வீட்டில ஒருக்கால் கிட்டத்தட்ட நடந்தது.

துடுப்புக்கு ஒரு கயிறு, லீஷ் எண்டுறது, வாங்கிக் கயாக்கில கொழுவுங்கோ. காத்துக்குள்ள துடுப்பு கையை விட்டுப் போனால் கதை முடிஞ்சுது.

கரைவலை | 14 யூன் 2024

துடுப்பைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை எண்டு சண்டை. சரி. 220 தொடக்கம் 240 சென்ரிமீற்றருக்குள்ள வரும், கயாக் அகலம் கூடினால் துடுப்பும் நீளம் கூட. தலையில துடுப்பை வைச்சு முழங்கை இரண்டும் மூலைமட்டமா வாற இடத்தில பிடியுங்கோ. அலகில எழுத்து இருந்தால் நேரா வாசிக்கக்கூடியதா இருக்கவேணும், தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு ஓடுறவை அரைவாசிப் பேர். இறுக்கிப் பிடிச்சால் கொப்புளம் வரும். கையால இழுக்கிறேல்லை, இடுப்பைத் திருப்பி முதுகால இழுக்கிறது. காலுக்கு முட்டுக் குடுக்கிற மிதியைச் சரியான துளைக்கு மாத்தாமல் இருந்தால் எந்த வித்தையும் சரிவராது, முழங்கால் கொஞ்சம் மடிஞ்சு பக்கச்சுவரைத் தொடவேணும்.

கரைவலை | 6 யூலை 2024

வெய்யில் வந்திட்டுது, இனிக் குளிர்தண்ணிக் கதை தேவையில்லை எண்டு எழுதினவருக்கு.

போன கிழமை, ஸ்காபரோ மண் மலைக்குக் கீழ இருக்கிற புளூஃபர்ஸ் பார்க்கில 20 பாகை மட்டில இருந்த தண்ணி, இரண்டு நாள் மேற்குக் காத்து விடாமல் அடிச்சபிறகு கால் வைக்க ஏலாமல் கிடந்தது. ஏரியில விளையாட்டில்லை. கச்சான், அதாவது மேற்குக் காத்து, கரையோரமா அடிக்கேக்க, பூமி சுத்திறதால மேல்தண்ணி காத்துத் திசைக்கு வலப்பக்கமா, அதாவது தெற்கால, கரையை விட்டு விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியில கிடக்கிற குளிர்தண்ணி மேல வரும். வடகரைக்கு இது ஒவ்வொரு கோடையிலயும் வாறதுதான். ஆடி மாதத்திலயே ஒரு நாளுக்குள்ள 10 பாகை விழும். வானம் நீலம், வெய்யில் 30, தண்ணி மே மாதம். ஆனபடியா இறங்க முதல் கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டுப் பாருங்கோ, திகதியைப் பாத்து நம்பாதேங்கோ.

புளூஃபர்ஸ் பக்கம் எண்டதால இன்னொண்டு. அந்த மண் மலைக்குக் கீழால ஓட ஆசைதான், படம் வடிவா வரும். இடத்துக்கிடம் 90 மீற்றர் உயரம், மண் சரிஞ்சு விழுந்துகொண்டே இருக்கிற மலை. அலை அடிச்சுத் திரும்பி வாறதால கிட்டத் தண்ணி கொந்தளிக்கும், கன இடத்தில கரையேற வழியும் இல்லை. நான் தள்ளித்தான் போறது, தனியாப் போறேல்லை.

கரைவலை | 20 யூலை 2024

இப்பதான் கவிழ்ந்து பழகிற காலம். முதல் நாளே சொல்லியிருக்கவேண்டிய பாடம், ஆனா மே மாதத்தில சொன்னால் ஆரும் செய்யமாட்டினம்.

இடுப்பளவு தண்ணி, சூடான நாள், பக்கத்தில ஒராள். வேணுமெண்டு கவிழுங்கோ. குழி உள்ள கயாக்கில தலை கீழாப் போனவுடன வாற பதட்டம் ஒருக்கால் பாத்தால்தான் அடங்கும். முன்னுக்குக் குனிஞ்சு, இரண்டு கையையும் குழியின்ர விளிம்பில ஊண்டி, காற்சட்டை கழட்டிறமாதிரி இடுப்பைத் தள்ளினால் ஆள் வெளியில. இடுப்பைச் சுத்தி மூடுற பாவாடை போட்டிருந்தால் முன்னுக்கு இருக்கிற பிடியை முதல் இழுக்கவேணும். அந்தப் பிடி உள்ளுக்கு மடிபடாமல் வெளிய நிக்குதோ எண்டு ஒவ்வொருக்காலும் பாருங்கோ. இதைப் பழகாமல் பாவாடை போடவே கூடாது.

மேல இருக்கிற வகை சுகம். கயாக்கை நிமித்தி, பக்கத்தால வந்து, கால் இரண்டையும் தண்ணி மட்டத்துக்கு உதைச்சு, வயித்தால ஏறி, பிரண்டு இருந்து, கடைசியாக் காலை உள்ளுக்கு எடுக்கிறது. வயிறு, பின்பக்கம், கால். நிண்டபடி மேல தொங்கி ஏறப் பாத்தால் உங்கட தலையிலதான் கவிழும். மாமா ஒராள் கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை, கயாக்கில பிழை எண்டிட்டார்.

பாடிள் கனடாவின்ர ஒருநாள் ஆரம்பப் பயிற்சி இதெல்லாத்தையும் சேத்துப் படிப்பிக்கும். புதுத் துடுப்பு வாங்கிற காசை அதுக்குக் குடுங்கோ.

மூன்றாம்பிறை | 3 ஓகஸ்ற் 2024

ரொறன்ரோத் தீவுக்கு ஓடலாமோ? ஒரு பியர் ரின்னோட :)

கரைவலை | 4 ஓகஸ்ற் 2024

தீவுக்குள்ள இருக்கிற வாய்க்கால்கள் புது ஆளுக்கு அருமை. அங்க போறதுக்கு நடுவில இருக்கிற துறைமுகம்தான் பிரச்சினை. ஃபெரி, தண்ணி ரக்சி, பாய்க்கப்பல், சுற்றுலாப் படகு. ஃபெரியால நினைச்ச உடன நிக்க ஏலாது, ஒதுங்கிறது உங்கட வேலை. முன்னால குறுக்க ஓடாதேங்கோ, பின்னால கடவுங்கோ. கூட்டமாப் போனால் ஒட்டிக்கொண்டு கடவுங்கோ, சங்கிலியா இழுபடாதேங்கோ. தீவு விமான நிலையத்தைச் சுத்தி மிதவை போட்டுத் தடுத்திருக்கு, அதுக்குள்ள போகேலாது. பிக்கறிங் ஃபிரெஞ்மன்ஸ் பே வாயிலயும் இதே பழக்கம், ஒடுங்கின வாய்க்காலில வலப்பக்க ஓரம், நடுவில நிண்டு படம் எடுக்கிறேல்லை.

பியர் ரின் கதை சிரிப்பில்லை. ஒன்ராறியோவில படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் நிரந்தரமா உள்ள படகு, அதுவும் நங்கூரம் போட்டோ கட்டியோ நிக்கேக்கதான் குடிக்கலாம். கயாக்கில கழிவறை எங்க? 2019இல ஒன்ராறியோவில கனோ ஓட்டினவருக்கே குடிச்சிட்டுக் கலம் ஓட்டினது எண்ட குற்றச்சாட்டில குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில ஒரு சின்னப் பெடியன் செத்தவன்.

கரைவலை | 17 ஓகஸ்ற் 2024

யூன் 9இல லீஷ் கொழுவச் சொன்னன். இரண்டு பேர் ஆத்துக்கு வெளிக்கிடுறதாக் கேள்வி, அதால அதுக்கு ஒரு எல்லை போடுறன். ஏரிக்கும் சதுப்புக்கும் மட்டும். ஓடுற ஆத்தில எந்தக் கயிறும் கூடாது, கிளையில கொழுவினால் கயாக்கையும் உங்களையும் சேத்து அமத்திப் பிடிக்கும்.

இன்னும் சொன்னால், புது ஆள் ஆத்துப் பக்கம் போகவே வேண்டாம். ஹம்பர் ஆத்தில குறுக்க சின்னச் சின்ன அணை கட்டியிருக்கு. மேல இருந்து பாத்தால் ஒரு கோடு மாதிரித்தான் தெரியும், முழங்கால் உயரம்தான் விழும். விழுந்த தண்ணி அடியில சுருண்டு திரும்பி அணைக்கே வரும், விழுந்த ஆளையும் திரும்பத் திரும்ப உள்ளுக்கு இழுக்கும். ஜக்கெற்றும் சில நேரம் உதவாது. மழை பெய்து இரண்டு நாளைக்கு ஆத்தைத் திரும்பியும் பாக்காதேங்கோ.

சின்னவள்ளம் | 28 செப்ரெம்பர் 2024

ஒக்ரோபரிலயும் ஓடலாமோ? இலை நிறம் மாறுற நேரம், சதுப்பு சரியான வடிவா இருக்கும். ஜக்கெற் இப்ப பழகிட்டுது.

கரைவலை | 29 செப்ரெம்பர் 2024

முதல் இரண்டு கிழமை சதுப்புக்குள்ள, காத்தில்லாத மத்தியானம், வெற்சூட்டோட, இன்னொராளோட. ஏரி வேண்டாம். 6 மணி தாண்டினால் வெளிச்சம் கெதியா விழும், ரோர்ச் கொண்டு போங்கோ. மாற்று உடுப்பு காருக்குள்ள இருக்கவேணும், பிளாஸ்கில தேத்தண்ணி. நன்றி சொல்லுற லோங் வீக்கெண்டோட நான் நிப்பாட்டுறன்.

வைக்கிற விதம்: உள்ளுக்கு இருக்கிற தண்ணியை முழுக்க வடிச்சு, காத்துப் பையைக் கழட்டி, பக்கவாட்டாச் சரிச்சு வையுங்கோ. தட்டையா வைச்சு மேல பனி ஏறினால் அடி நெளியும். பின்பக்க மூடியை இறுக்கிப் பூட்டாதேங்கோ, ஆனா ஒரு வலைத்துண்டு கட்டி விடுங்கோ. என்ரதுக்குள்ள எலி குட்டி போட்டது, ஏப்பிரலில துறந்து பாக்க நுரைக்கட்டியில பாதி இல்லை.